உறையும் நாரும்

தயிருக்கு உறை ஊற்றுதல் தமிழர் இல்லங்களில் நாள்தோறும் நிகழும் ஒரு சிறு வினை. முதல்நாள் தயிரில் ஒரு கரண்டி எடுத்து இளஞ்சூடான பாலில் கலந்து மூடிவைத்தால் மறுநாட் காலையில் பால் தயிராகியிருக்கும். உறையிலுள்ள நுண்ணுயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு புளிப்பை ஆக்குகின்றன. எனவே இவ்வினையில் உறை என்பது ஒன்று, உறைக்கு இரையாவது மற்றொன்று. இவ்விரண்டனுள் முன்னதை உலகம் பெரிதும் கொண்டாடிற்று; பின்னதை நெடுங்காலம் ஏறிட்டும் பாராதிருந்தது. நன்மை செய்யும் நுண்ணுயிர்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாஸ்டரில் தொடங்கி, மெச்னிகோவைக் கடந்து, இன்று கடைகளில் விற்கும் ப்ரோபயாட்டிக் தயிர்க் குப்பிகளில் வந்து முடிப்பர். அந்நுண்ணுயிர்கள் எதனை உண்டு வாழ்கின்றன, அவ்வுணவை அவற்றுக்கு அளித்தவை எவை என்னும் வரலாறு தனியே ஒதுங்கிக் கிடக்கிறது. அது பெரும்பாலும் வேர், கிழங்கு, தவிடு, வெங்காயம் ஆகியவற்றின் வரலாறு. அதனை ஒருவாறு தொகுத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் அறிவியல் துறையினர் அல்லோம். கலைப்பிரிவில் பட்டம் பெற்று, மைய அரசின் அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பெழுதிக் காலங்கழிப்போர். வந்த தாளுக்கு நாளிட்டு, முன்னது பின்னது பார்த்து அடுக்குவது நம் தொழில். அத்தொழிற்பழக்கமே இங்கும் துணையாகிறது. இவ்வாறு அடுக்கிப் பார்க்க வேண்டிய தேவையும் ஒன்று ஏற்பட்டுள்ளது. அண்மைக் காலமாக மேடைகளிலும் மலர்களிலும் பழைய சோற்றைப் புகழும் உரைகள் பெருகிவருகின்றன. "நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். முன்னோர் அறிந்தது எது, செய்தது எது, அறியாமலே செய்தது எது என்று பிரித்துக் காட்டுவார் அரியர்.

முதலில் உறையின் வரலாற்றைச் சுருங்கக் கூறிவிடுவோம். பால் புளிப்பது உயிர்களின் வினையே என்று லூயி பாஸ்டர் பிரான்சு நாட்டின் லீல் நகரில் 1857ஆம் ஆண்டு எடுத்துரைத்தார். அவர் பெயரால் பாரிசில் அமைந்த நிலையத்தில் 1888 முதல் பணியாற்றியவர் எலியா மெச்னிகோவ். உடலின் வெள்ளணுக்கள் நோய்க்கிருமிகளை விழுங்கிக் காக்கும் உண்மையைக் கண்டமைக்காக 1908இல் நோபல் பரிசைப் பால் எர்லிக்குடன் பகிர்ந்துகொண்ட பேரறிஞர் அவர். பல்கேரிய உழவர் நெடுநாள் வாழ்வது புளித்த பாலினால் என்று அவர் கருதினார். அப்பாலிலுள்ள நுண்ணுயிரைப் பல்கேரிய நாட்டு மாணவராகிய ஸ்டாமன் கிரிகோரோவ் 1905இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் கண்டறிந்திருந்தார். 1907இல் வெளிவந்த மெச்னிகோவின் நூல் ஐரோப்பாவெங்கும் புளித்த பாலுக்கு ஒரு பெருமோகத்தைத் தோற்றுவித்தது. அவர் தாமும் நாள்தோறும் அதனை அருந்தினார். 1916இல் தம் 71ஆம் வயதில் மறைந்தார்.

மெச்னிகோவின் எண்ணத்தில் ஒரு கூறு ஊன்றி நோக்கத்தக்கது. பெருங்குடல் மனிதனுக்குப் பயனற்ற ஓர் உறுப்பு, அழுகலின் இருப்பிடம், முதுமைக்கு அதுவே காரணம் என்பது அவர் துணிபு. அதனுட் சென்று அழுகலை அடக்கும் காவலரென்றே அவர் புளிப்பு நுண்ணுயிர்களைக் கருதினார். அக்காலத்தில் இக்கருத்து எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு இலண்டன் அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் சான்றாவார்; அவர் மலச்சிக்கலுக்காகவே பெருங்குடலை வெட்டியெடுக்கும் அறுவையைப் பலருக்குச் செய்தார். அவ்வுறுப்பு குப்பைத் தொட்டி அன்று, அதுவும் ஓர் அடுக்களையே என்னும் எண்ணம் தோன்ற இன்னும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

எனினும் அதற்கான தடயம் மெச்னிகோவின் அருகிலேயே இருந்தது. அதே பாஸ்டர் நிலையத்தில் ஹென்றி திசியே என்னும் மருத்துவர், தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளின் குடலில் கவைக்கோல் போலக் கிளைத்த ஒருவகை நுண்ணுயிர் மிகுந்திருப்பதை 1899, 1900ஆம் ஆண்டுகளில் கண்டு எழுதினார். பிஃபிடோ என்று இன்று வழங்கும் குடும்பத்தைச் சேர்ந்தது அது. தாய்ப்பாலில் அவை ஏன் செழிக்கின்றன என்ற வினாவுக்கு விடை தேடியவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஹங்கேரிய நாட்டவர் பால் ஜார்ஜி. 1954இல் அவரும் அவர் குழுவினரும் தாய்ப்பாலிலுள்ள சில கூட்டுச் சர்க்கரைகள் இந்நுண்ணுயிர்களை வளர்ப்பதை வெளியிட்டனர். தாய்ப்பாலில் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாக மிகுந்துள்ள திண்பொருள் இக்கூட்டுச் சர்க்கரைகளே. வியப்பு யாதெனில், குழந்தையால் இவற்றைச் செரிக்க இயலாது. தாய் தன் உடலை வருத்தி ஆக்கும் பாலில் ஒரு பங்கு குழந்தைக்கு அன்று, குழந்தையின் குடலில் குடியிருக்கும் உயிர்களுக்கே உரியதாக அமைந்திருக்கிறது. குடல்வாழ் உயிர்க்கென்று தனியுணவு படைத்தவள் தாய்தான் என்பதை அறியும்போது பிற ஆராய்ச்சிகளெல்லாம் சற்றே சிறுத்துப்போகின்றன.

இதற்கிடையே யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்ஜரும் ஹாரி செப்லினும் செய்த வேலையை வரலாறு எழுதுவோர் பலர் இரண்டு வரியில் கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. மெச்னிகோவின் பல்கேரிய நுண்ணுயிர் குடலில் தங்கி வாழ்வதில்லை என்பது இவ்வறிஞர்கள் காலத்திலேயே தெளிவாயிற்று. அதற்கு மாற்றாகக் குடலில் தங்கவல்ல அசிடோஃபிலஸ் என்னும் இனத்தை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆனால் 1921இல் வெளியிட்ட தம் நூலில் அவர்கள் காட்டிய மற்றோர் உண்மையே நமக்கு முதன்மையானது. பாற்சர்க்கரையையோ, மாவுப்பொருளிலிருந்து ஆக்கும் டெக்ஸ்டிரினையோ மிகுதியாக உண்பித்தால், குடலில் முன்பே சிறிதளவு இருக்கும் அசிடோஃபிலஸ் தானே பெருகி மேலோங்குகிறது என்பதே அது. உயிரைப் புகட்டுவது ஒரு வழி, உள்ளே இருக்கும் உயிருக்கு உணவிடுவது மற்றொரு வழி என்னும் பாகுபாடு இதனால் பிறந்துவிட்டது. ஆனால் பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்க எழுபத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

இனிச் செடியின் பக்கம் செல்வோம். ஜெர்மானிய மருந்தியலாளர் வாலண்டீன் ரோசு என்பார் 1804இல் எலிகாம்பேன் என்னும் மருந்துச் செடியின் வேரைக் கொதிநீரிலிட்டு, அதிலிருந்து மாவைப் போன்ற ஒரு பொருளைப் பிரித்தார். அச்செடியின் இலத்தீன் பெயரான இனுலா என்பதனால் அப்பொருள் இனுலின் எனப் பெயர் பெற்றது. நீரிழிவுக்கு ஊசியாகப் போடும் இன்சுலினோடு இதனை மயங்குதல் வேண்டா. இரண்டுக்கும் ஓரெழுத்து நெருக்கமே அன்றி உறவு ஏதுமில்லை. அரிசி மாவு குளுக்கோசு கோத்த சரம். இனுலின் பழச்சர்க்கரையாகிய ஃபிரக்டோசு கோத்த சரம். அச்சரத்தின் கண்ணிகளை அறுக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. ஆகவே அது வயிற்றையும் சிறுகுடலையும் கடந்து, உருமாறாமல் பெருங்குடலைச் சென்று சேர்கிறது.

இனுலின் மிகுந்த வேர்களுள் தலையாயது சிக்கரி. பச்சை வேரின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை இனுலினே. தமிழருக்கு இப்பெயர் புதிதன்று. நெப்போலியன் காலத்துக் கடல் முற்றுகையால் காப்பிக்கொட்டை கிடைக்காது போனபோது ஐரோப்பியர் இவ்வேரை வறுத்துப் பொடித்துக் காப்பிக்கு மாற்றாகக் கொண்டனர். அப்பழக்கம் கடல் கடந்து வந்து நம் வடிகட்டியிலும் குடிபுகுந்தது. இன்று இந்தியாவில் குஜராத்தின் ஜாம்நகர்ப் பகுதியிலும் உத்தரப் பிரதேசத்தின் ஏட்டாப் பகுதியிலும் சிக்கரி பயிராகிறது. அவ்வட நாட்டு வயல்களில் விளையும் வேரைத் தென்னாட்டுக் காப்பிக்காகவே வறுக்கின்றனர் என்பது வடக்கே வாழும் தமிழர்க்கு ஒரு சிறு பெருமிதமாகலாம். ஆனால் காப்பி பருகினால் குடலுக்கு நன்மை என யாரும் எண்ணற்க. வறுக்கும்போது இனுலின் பெரும்பகுதி சிதைந்து கருகுசர்க்கரையாகிவிடுகிறது. நாம் பெறுவது நிறமும் கசப்பும் மணமுமே.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் காட்சி மாறிற்று. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட், அங்குள்ள ஊர்ப்புற மக்களின் நார் மிகுந்த உணவையும், மேனாட்டாரின் தீட்டிய மாவுணவையும் ஒப்பிட்டு, குடல்நோய்கள் பலவற்றுக்கு நார்க்குறைவே காரணம் என 1970களில் ஓயாது எழுதினார். அவர் கூறியவற்றுள் சில நிலைத்தன, சில நிலைக்கவில்லை. ஆயினும் சக்கையென்று ஒதுக்கப்பட்ட நாருக்கு மேனாட்டு மருத்துவத்தில் ஓர் இருக்கை கிடைத்தது அவரால்தான். 1980இல் ரோடிகர் என்பார், பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தம் ஆற்றலுக்குப் பெரும்பாலும் நம்பியிருப்பது பியூட்டிரிக் அமிலத்தையே என்று காட்டினார். அவ்வமிலத்தை ஆக்குவன, நாரை உண்ணும் நுண்ணுயிர்கள். நார் உயிர்க்கு உணவு. உயிர் விடுக்கும் அமிலம் குடலுக்கு உணவு. வெட்டியெறியத் தக்கது என்று லேன் கருதிய உறுப்பு, இங்ஙனம் விருந்தும் விருந்தோம்பலும் நிகழும் இடமாக வெளிப்பட்டது. 1995இல் இங்கிலாந்தின் கிளென் கிப்சனும் பெல்ஜியத்தின் மார்செல் ராபர்ஃப்ருவாவும் இத்தகைய உணவுப் பொருளுக்கு ப்ரீபயாட்டிக் என்று பெயரிட்டனர். சிக்கரி வேரிலிருந்து இனுலினைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் மிகுந்த நாடு பெல்ஜியம் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். எந்த ஆராய்ச்சியும் வெற்று வெளியில் நடப்பதில்லை. அருகில் ஒரு வயலோ ஆலையோ இருக்கிறது.

ஆய்வுக்கூடங்களின் வரிசை இது. அடுக்களைகளின் வரிசைக்கு நாள் குறிப்பது கடினம். எனினும் தமிழில் ஓர் அரிய சான்று கிடைத்துள்ளது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, மன்னனைப் பாட எழுந்ததாயினும், வழிநெடுக ஒவ்வொரு நிலத்து மக்களும் உண்பதை இது இதுவென்று சொல்லிச் செல்கிறது. ஆய்மகள் தயிர் கடைந்து மோர் விற்று நெல் கொண்டு வருவது அதில் உண்டு. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற கலத்தில் ஆற்றி, புற்றில் காணும் குரும்பியை ஒத்த அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்துக் கள் விளைவிக்கும் முறையும் அதில் உண்டு. அரிசி தீட்டாதது என்று பாவலர் குறித்தது எதற்காகவோ நாமறியோம்; ஆனால் தவிடு நீங்காத தானியத்தின் மீது நொதியேற்றிய ஒரு முறை, பொருளும் காலஅளவும் குறிக்கப்பட்டு, இத்துணைத் தொன்மையான நூலொன்றில் பதிவாகியிருப்பது எளிதன்று.

அதே பாட்டில் பழஞ்சோறும் வருகிறது. எவ்வாறு வருகிறது என்பதுதான் சுவை. வயல்வெளியில் உழைத்து உரமேறிய கையினரின் பிள்ளைகள் பழஞ்சோற்றுத் திரளை உண்டு உண்டு வெறுத்துப்போய், புதுக் குடிலின் முன்றிலில் அவல் இடிக்கத் தொடங்குகின்றனர். பழைய சோற்றைப் பற்றி நம் இலக்கியத்தில் கிடைக்கும் இப்பழைய குறிப்பு புகழுரையன்று, பிள்ளைகளின் சலிப்பு. இன்றைய மேடைப் பேச்சாளர் இதனை எடுத்துக்காட்ட நாம் கேட்டதில்லை.

அச்சலிப்பில் ஓர் உண்மை இருக்கிறது. இரவு மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்ததும், விடியலில் அதனை உண்டு வயலுக்குச் சென்றதும் உடல்நல ஆராய்ச்சியின் விளைவல்ல. காலையில் மீண்டும் அடுப்பு மூட்ட விறகும் பொழுதும் இல்லாமை ஒரு காரணம். கெட்டுப்போகும் சோற்றைக் காக்க வேறு வழியில்லாமை மற்றொரு காரணம். இதே காரணங்கள் இருந்த இடங்களிலெல்லாம் இதே உணவு தோன்றியது. ஒடிசாவில் பகாளா, வங்கத்தில் பாந்தா பாத், அசாமில் போய்தா பாத் என அதற்குப் பெயர் வேறு, பொருள் ஒன்று. தமிழ்நாட்டில் பண்ணையாட்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகப் புழைக்கடையில் ஊற்றப்பட்டதும் இதுவே என்பதை மறைத்துவிட்டு இதன் பெருமை பேசுவது முறையாகாது.

இனி அச்சட்டியினுள் நிகழ்வதைக் காண்போம். வெந்த அரிசியின் மாவு ஆறும்போது அதன் ஒரு பகுதி இறுகிச் சிறுகுடலின் நொதிகளுக்கு வசப்படாத நிலையை அடைகிறது. இவ்வகை மாவைத் தனித்து அளந்து, செரிமானத்தை எதிர்க்கும் மாவு என்று 1982இல் பெயரிட்டவர் இங்கிலாந்தில் ஆய்ந்த ஹான்ஸ் எங்லிஸ்டும் அவர் குழுவினரும். அது பெருங்குடலில் நாரின் வேலையைச் செய்கிறது. மேலே நின்ற நீரில் புளிப்பு நுண்ணுயிர்கள் இரவெல்லாம் பெருகுகின்றன. காலையில் மோரோ தயிரோ சேர்கிறது; கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது சிக்கரி வேரின் இனுலினோடு ஓரினமான ஃபிரக்டான் சரங்கள், நீளத்தில் மட்டுமே குறைந்தவை. ஆக, உயிரும் உயிரின் உணவும் ஒரே கலத்தில் அமர்ந்துவிட்டன. 1995இல் கிப்சனும் ராபர்ஃப்ருவாவும் தம் கட்டுரையில் இரண்டையும் சேர்த்து அளிப்பதற்கு சின்பயாட்டிக் என்று தனிப்பெயரே கொடுத்தனர்.

ஆனால் இந்தப் பொருத்தத்தை மிகைப்படுத்தலாகாது. வெங்காயத்தின் ஃபிரக்டானைச் சிறப்பாக உண்பவை, சோற்றுநீரில் பெருகிய உயிர்களைக் காட்டிலும், பெருங்குடலில் முன்பே வாழும் பிஃபிடோ இனத்தவையே. விருந்தினரோடு வந்த பலகாரத்தை வீட்டாரே உண்பது போன்றது அது. புளித்த சோற்றில் இரும்புச்சத்து பன்மடங்கு பெருகிவிடுகிறது என்று துண்டறிக்கைகளில் எழுதுவோரும் உளர். சோறு புளிப்பதால் இரும்பு புதிதாக உண்டாகாது. தானியத்திலுள்ள பைட்டிக் அமிலம் சிதைவதால், இருக்கும் இரும்பை உடல் ஏற்பது எளிதாகலாம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அண்மை ஆண்டுகளில் குடலழற்சி நோயாளரிடையே பழைய சோற்றை முறைப்படி ஆராய முற்பட்டமை இவ்வகையில் மகிழ்ச்சிக்குரியது.

இட்டலியைப் பற்றியும் கூறாதொழியலாகாது. கூறாவிடில் வாசகர் நம்மை மன்னியார். கன்னடத்தில் 920ஆம் ஆண்டளவில் எழுந்த வட்டாராதனையில் இட்டலிகெ என்னும் பெயர் வருகிறது. 1025ஆம் ஆண்டளவினதாகிய லோகோபகாரம் உளுந்தை மோரில் ஊறவைத்து அரைக்கும் முறையைச் சொல்கிறது. 1130ஆம் ஆண்டளவில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்திலும் அது உண்டு. ஆனால் இவற்றில் அரிசி சேர்ப்பதோ, நெடுநேரம் புளிக்க வைப்பதோ, ஆவியில் அவிப்பதோ கூறப்படவில்லை என்று உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா எடுத்துக்காட்டினார். தமிழ் நூல்களிலோ இட்டலி மிகவும் பிற்காலத்திலேயே தலைகாட்டுகிறது. மாவு பொங்குவதன் காரணம் 1965இல் விளங்கிற்று. முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் முதலியோர் அமெரிக்காவில் ஆய்ந்து, லூக்கோனோஸ்டாக் என்னும் நுண்ணுயிரே மாவைப் பொங்கச் செய்கிறது எனக் கண்டனர். அது தானியத்தோடும் பருப்போடும் தானே வருவது. தயிரைப் போல இதற்கு உறை தேவையில்லை. பொங்கும் காற்றைப் பிடித்து நிறுத்துவதில் உளுந்தின் வழவழப்புக்குப் பங்குண்டு. அவ்வழவழப்பு அரபினோகாலக்டன் என்னும் கூட்டுச் சர்க்கரை என்று மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையத்தில் சுசீலம்மாவும் ராவும் 1970களில் பிரித்துக் காட்டினர். செடியின் பிசினும் நுண்ணுயிரின் மூச்சும் கூடினால்தான் இட்டலி மென்மையாகும். தில்லியின் சனவரிக் குளிரில் மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தி இரண்டு நாள் காத்திருந்தும் பொங்காமல், கல்லைப் போன்ற இட்டலியை உண்ட தமிழர் அனைவரும் அம்மூச்சின் அருமையை அறிவர்.

ஆயினும் ஒன்று தெளிவாக இருக்கட்டும். ஆவியில் அவிந்த இட்டலியில் உயிரோடு எந்நுண்ணுயிரும் எஞ்சுவதில்லை. ப்ரோபயாட்டிக் என்பது போதிய அளவில் உயிரோடு உட்செல்லும் நுண்ணுயிர் என்று ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பும் உலக நலவாழ்வு அமைப்பும் கூட்டிய அறிஞர் குழு 2001இல் வரையறுத்தது. அவ்வரையறைப்படி இட்டலி அவ்வினத்தில் சேராது. நுண்ணுயிர் செய்து முடித்த வேலையின் பயன் மட்டுமே அதில் உண்டு. இவ்வகையில் ஆடித் திங்களில் மாரியம்மன் கோயில்களில் வார்க்கும் கூழ் இட்டலியை விஞ்சி நிற்கிறது. கேழ்வரகு மாவை முதல்நாள் கரைத்துப் புளிக்க வைக்கின்றனர். மறுநாள் நொய்யோடு சேர்த்துக் காய்ச்சும்போது அவ்வுயிர்கள் மாய்கின்றன. ஆனால் காய்ச்சிய களி மீண்டும் ஓரிரவு இருந்து, மோரில் கரைக்கப்பட்டு, வெங்காயத்தோடு வழங்கப்படும்போது புதிய உயிர்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன. கேழ்வரகின் நார் அவற்றோடு உட்செல்கிறது.

அந்நாரின் அளவை ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிலையம் 2017இல் வெளியிட்ட அட்டவணை தெரிவிக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம் நார். தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. இந்நிலையத்தின் பிறப்பிடம் தமிழ்நாடு. 1918இல் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கிய சிறு கூடமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்தது. பெரிபெரி, அரிசியைத் தீட்டித் தவிட்டை நீக்கியதால் வந்த நோய். மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குத் தனித்தனியே உண்பித்துப் பார்த்தார். சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. பட்டாணியர், மராத்தியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் எனப் படிப்படியாக இறங்கி, கடைசியாக நின்றவை சென்னை மாகாணத்தார் உணவை உண்ட எலிகள். 1936இல் இலண்டனில் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலும் இதனை அவர் எடுத்துரைத்தார். தலைநகரில் சீக்கிய நண்பர்களோடு ஒரே மேசையில் நண்பகல் உணவைப் பிரித்து உண்ணும் நாம் இச்செய்தியை அவர்களிடம் இதுகாறும் சொன்னதில்லை.

மெக்காரிசனின் கருத்து பெரும்பாலும் பால், புரதம், வைட்டமின் ஆகியவற்றின் மேல் நின்றது. இன்று அதே அட்டவணையை நாரின் கண்ணோட்டத்தில் பார்த்தால், அரவை ஆலை வந்தபின் நம் கலத்தில் நேர்ந்த மாற்றம் விளங்கும். சோறு வெளுத்தது, கூழ் ஏழைமையின் அடையாளமாகி வழக்கொழியத் தொடங்கிற்று. தயிர் மட்டும் மாறாமல் நின்றது. உறையை விடாது காத்துவந்தோம். உறைக்குத் துணையான தவிட்டையும் தானியத்தையும் ஆலைக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது ஐரோப்பிய ஆலைகள் சிக்கரி வேரிலிருந்து பிரித்த வெண்பொடியைத் தயிரில் கலந்து நார் சேர்த்தது என்று விளம்பரம் செய்கின்றன. அப்பொடி தீயதன்று, விலைதான் கூழின் விலையன்று.

நாரும் வெங்காயமும் எல்லார்க்கும் ஒத்துவரும் என்பதுமில்லை. 2005இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும், குடல் உறுத்தலால் வருந்துவோர் வெங்காயம், பூண்டு, பயறு போன்ற நொதிக்கும் உணவுகளைக் குறைக்க வேண்டும் என்னும் கொள்கையை வெளியிட்டனர். எப்பொருளை உண்ண வேண்டுமென்று ஒரு கிப்சன் பத்தாண்டுக்கு முன் சொன்னாரோ, அதே பொருளைச் சிலர் தவிர்க்க வேண்டுமென்று மற்றொரு கிப்சன் சொன்னார். இருவர் கூற்றும் உண்மையே. உண்பவர் குடல்தான் வேறு.

வடக்கே வாழும் நாம் அயல்வீட்டாரிடம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. மாசி, பங்குனித் திங்கள்களில் தில்லியிலும் பஞ்சாபிலும் வீட்டு மாடிகளில் கண்ணாடிச் சாடிகள் வெயிலில் நிற்கும். கருஞ்சிவப்புக் கேரட்டை நீளவாட்டில் நறுக்கி, கடுகுப்பொடியும் உப்பும் நீரும் சேர்த்துச் சில நாள் வைத்தால், காய்களோடு வந்த நுண்ணுயிர்கள் அந்நீரைப் புளிக்கச் செய்கின்றன. அதற்கு அவர்கள் இட்ட பெயர் காஞ்சி. ஆயுர்வேத நூல்களில் காஞ்சிகம் என்பது புளித்த கஞ்சிநீர். ஆங்கில அகராதிகளில் ஏறியுள்ள காஞ்ஜி என்னும் சொல்லோ நம் கஞ்சியிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகச் சென்றது என்பது அகராதியார் முடிபு. வடமொழிச் சொல்லுக்கும் தமிழ்ச் சொல்லுக்கும் உள்ள உறவை மொழியறிஞர் ஆய்க. பண்டத்தைப் பொறுத்தவரை, அந்தச் சாடியில் அரிசியில்லை, பாலில்லை. உயிரும் காய்நாருமே உள்ளன. அண்டைவீட்டு முதிய அம்மையார் ஒருவர் ஆண்டுதோறும் நமக்கும் ஒரு குவளை அனுப்புவார். நீரை மட்டும் வடித்து அனுப்புவதில்லை. கேரட் துண்டுகளும் அதில் கிடக்கும், அவற்றைக் கடித்துத் தின்ன வேண்டும் என்று சிறுவனிடம் சொல்லியும் அனுப்புவார்.